ஊசி போட்ட நான்காம் நாள் வந்த காய்ச்சல்: கடலூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

தடுப்பூசி போட்ட பிறகு நாய் சோர்ந்து போனால், வீட்டில் எல்லோரும் ஊசியைத்தான் சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். இங்கே பதிவு செய்யும் நிகழ்வில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியை நம்பியிருந்தால் நாய் பிழைத்திருப்பது கடினம். அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் உண்டு. அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

ஜூலி மூன்று வயதுப் பெண் நாய். பொமரேனியன் கலப்பு, அடர்ந்த வெள்ளை முடி, ஒன்பதரை கிலோ எடை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனி வீட்டில் வளர்கிறது. வீட்டில் கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், பள்ளிக்குப் போகும் மகள், பாட்டி. நாய்க்குச் சாப்பாடு வைப்பது, முடி சீவுவது எல்லாம் பாட்டிதான்.

குட்டியில் போட வேண்டிய ஊசிகளும் முதல் ஆண்டு பூஸ்டரும் முறையாகப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு வீட்டில் கட்டட வேலை நடந்ததில் விட்டுப்போனது. இந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன் போட்டுவிடலாம் என்று ஒரு கிளினிக்குக் கொண்டுபோனார்கள். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசி ஒன்று, வெறிநோய் ஊசி ஒன்று, இரண்டும் ஒரே மாலையில்.

மழைக்கு முன் என்று அவர்கள் யோசித்தது நல்ல முடிவு. ஐப்பசி, கார்த்திகையில் கெடிலமும் பெண்ணையாறும் ஏறினால் கடலூரின் தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கும். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீர் வழியாக நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும், மனிதருக்கும் வரும்.

ஒரு விவரத்தை அவர்கள் முதலில் சொல்லவில்லை. அது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. ஊசிக்கு ஒரு வாரம் முன்புவரை, ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பமே புதுச்சேரியின் பாகூர் பக்கம் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தது. ஜூலியும் கூடப் போயிருந்தது. அந்த வீட்டில் மாடும் உண்டு, காவலுக்கு இரண்டு நாட்டு நாய்களும் உண்டு.

முதல் இரவு

மாலை ஐந்தரைக்கு ஊசி. இரவு ஒன்பது மணிக்கு மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஊசி போட்ட கிளினிக் மூடியாகிவிட்டது. "டாக்டர், வந்ததுல இருந்து கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருக்கு. சோறு வெச்சா திரும்பிக்குது. பின்னங்காலைத் தொட்டா கத்துது."

இந்த மாதிரி அழைப்பில் முதல் வேலை, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது. அது பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். நாய்களில் அந்த ஒவ்வாமை அதிகம் தாக்குவது கல்லீரலையும் குடலையும். அதனால் மூச்சுத் திணறலுக்கு முன்பே திடீர் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிற்க முடியாமல் சாய்வது, ஈறு வெளுப்பது என்று தொடங்கலாம். அப்படி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. அட்ரினலின் ஊசியும் ரத்தக்குழாய் வழித் திரவமும் உடனே தேவை. முகம், கண் இமை, உதடு வீங்குவதும் தோலில் தடிப்பு எழும்புவதும் அதைவிடக் கொஞ்சம் தாமதமாக, சில மணி நேரம் கழித்துக்கூட வரும். அதற்கும் அன்றிரவே மருத்துவரிடம் போக வேண்டும்.

நான் கேட்டவை: வாந்தி உண்டா, மூஞ்சி வீங்கியிருக்கிறதா, கூப்பிட்டால் எழுந்து வருகிறதா, மூச்சு எப்படி. அப்புறம், மேல் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தி விடச் சொன்னேன். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பினால் ரத்த ஓட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினார். ஈறு இளஞ்சிவப்பாகவே இருந்தது, நிறம் உடனே திரும்பியது. வாந்தி இல்லை, வீக்கம் இல்லை. கூப்பிட்டால் நொண்டிக்கொண்டு வந்து, வாலை ஆட்டிவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டது.

எடுத்த முடிவு: வீட்டிலேயே வைத்துக் கவனிப்பது. தடுப்பூசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் சோர்வு, லேசான காய்ச்சல், ஊசி குத்திய இடத்தில் வலி, பசியின்மை இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவை. உடலின் எதிர்ப்புச் சக்தி வேலை செய்யும்போது வருபவை. ஜூலியைப் போலச் சிறிய உடம்புக்கு ஒரே நாளில் இரண்டு ஊசி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அமெரிக்காவில் 12 லட்சம் நாய்களின் பதிவுகளை வைத்து 2005-ல் வெளியான ஆய்வில், ஊசிக்குப் பின் மூன்று நாளுக்குள் ஏதாவது பாதிப்பு பதிவானது 10,000 நாய்களுக்கு ஏறத்தாழ 38. எடை குறைந்த நாய்களிலும், ஒரே வருகையில் அதிக ஊசி போட்டுக்கொண்டவற்றிலும் அது கூடுதலாக இருந்தது.

பேச்சினூடே, பாட்டி பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்து வைத்திருப்பதாக மகன் சொன்னார். வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்குளோஃபினாக் எதையும் நாமாக நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். மற்ற இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐந்தாம் நாள் தெரியவந்ததை வைத்துப் பார்த்தால், அந்தப் பெட்டியில் எந்த மாத்திரைக்கும் கை போகாமல் நின்றது பெரிய விஷயம்.

தண்ணீர் பக்கத்தில் வைத்து, கொஞ்சம் தயிர் சாதம் கொடுத்துப் பார்த்து, இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்கச் சொன்னேன். மறுநாள் மதியம் ஜூலி சாப்பிட்டது. மாலையில் கேட் வரை ஓடிப் பால்காரரைப் பார்த்துக் குரைத்தது. மூன்றாம் நாள் வழக்கம்போல இருந்தது.

நான்காம் நாள் மாலையும் ஐந்தாம் நாள் காலையும்

நான்காம் நாள் மாலை மறுபடி படுத்துவிட்டது. இந்த முறை கட்டிலுக்கு அடியில் போகவில்லை, நடு ஹாலிலேயே காலை நீட்டிக் கிடந்தது. இரவு சாப்பாடு தொடவில்லை. விடியற்காலையில் பாட்டி வெள்ளை டைல்ஸ் தரையில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம் பார்த்தார்; மூக்கிலிருந்து வந்திருந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் என் கிளினிக் வாசலில் நின்றார்கள். "ஊசி விஷம் உடம்புல ஏறிடுச்சு சார்" என்றார் அப்பா. கோபத்தைவிட பயம்தான் அதில் அதிகம் இருந்தது.

காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. ஆரோக்கியமான நாய்க்கு 100.5-இலிருந்து 102.5 வரை இருக்கலாம். தாடைக்குக் கீழும் முழங்காலுக்குப் பின்னும் நெறி கட்டியிருந்தது. மண்ணீரல் கைக்குத் தட்டுப்பட்டது. ஈறு முதல் இரவு வீடியோவில் பார்த்ததைவிட வெளிறியிருந்தது.

நாயை மல்லாத்தி அடிவயிற்றைப் பார்த்தோம். முடி குறைந்த அந்த இடத்தில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடியோ அரிப்போ என்றால் விரலால் அழுத்தும்போது சிவப்பு மறைந்து திரும்பும். இவை அழுத்தினாலும் மறையவில்லை. தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்தால்தான் அப்படி இருக்கும். மூக்கில் ரத்தம், வயிற்றில் இந்தப் புள்ளிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதே ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருக்கின்றன என்பது ஏறத்தாழ உறுதியானது.

பிறகு முடியைப் பிரித்துத் தேடினோம். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் விரல் இடுக்கில் உண்ணி இருந்தது. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியவை சில, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குஞ்சுகள் பல. தினமும் சீவும் பாட்டி அதிர்ந்து போனார். அவர் சீவியது முதுகையும் வாலையும். உண்ணி தேடிப் போவது முடி அடர்ந்த, கதகதப்பான, யாரும் தொடாத இடங்களுக்கு. வெள்ளை முடிக்குள் அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 38,000. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சம் அளவில் இருக்க வேண்டும். ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தது. ரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்ததில் உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியா ஒட்டுண்ணி தெரியவில்லை. எர்லிக்கியாவுக்கான துரிதப் பரிசோதனையில் கோடு மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் விழுந்தது. எர்லிக்கியா என்பது உண்ணி கடிக்கும்போது ரத்தத்தில் புகுந்து வெள்ளை அணுக்களுக்குள் வாழும் பாக்டீரியா. நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று பொதுவாகச் சொல்லும் நோய்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஊசியா, உண்ணியா

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். குடும்பம் கேட்டதும் இதைத்தான், நான் எனக்குள் கேட்டுக்கொண்டதும் இதைத்தான்.

ஊசியை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. தடுப்பூசி போட்ட சில வாரங்களுக்குள், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த ரத்த அணுக்களையோ பிளேட்லெட்டையோ அழிக்கத் தொடங்கிய நாய்கள் அரிதாக இருக்கின்றன. அந்த நோய்க்கு முதல் மருந்து அதிக அளவு ஸ்டீராய்டு. எர்லிக்கியாவுக்கு முதல் மருந்து டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். இங்கே தவறாகத் தேர்ந்தெடுத்தால் விளைவு மோசம்: உள்ளே கிருமி இருக்கும்போது ஸ்டீராய்டை ஏற்றினால் அதை எதிர்த்து நிற்கும் சக்தியையே நாம் அடக்கிவிடுவோம்.

முடிவுக்கு உதவியது நாள்கணக்கு. உண்ணி கடித்து எர்லிக்கியா புகுந்தபின் நோய் வெளியே தெரிய சுமார் 8-இலிருந்து 20 நாள் ஆகும். ஜூலிக்குக் காய்ச்சல் வந்தது ஊசிக்கு நான்காம் நாள். அப்படியானால் கிருமி ஊசிக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். சமீபத்தில் எங்காவது வெளியே தங்கினீர்களா என்று கேட்டபோதுதான் பாகூர் கல்யாணம் வெளியே வந்தது. அங்கே முதல் நாளிலிருந்து எண்ணினாலும் கடைசி நாளிலிருந்து எண்ணினாலும் கணக்கு ஏறத்தாழ பொருந்தியது. நெறி கட்டியதும் மண்ணீரல் பெருத்ததும் உண்ணி நோய்க்கே அதிகம் இசைந்தன.

"அப்போ முதல் நாள் படுத்ததும் உண்ணிதானா?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை, அது ஊசியால் வந்தது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் தொடங்கியது, குத்திய காலில் வலி இருந்தது, ஒன்றரை நாளில் முழுதாக விலகியது. இடையில் நாய் நன்றாகவே இருந்த நாள் ஒன்று முழுதாக இருக்கிறது. அதற்குப் பின் வந்தது வேறு நோய். அடுத்தடுத்து வந்ததால் ஒன்றின் தொடர்ச்சி போலத் தெரிந்தது, அவ்வளவுதான். ஊசி போட்ட நேரத்தில் உடலுக்குள் ஏற்கெனவே கிருமி இருந்ததால் சோர்வு கொஞ்சம் கூடியிருக்கலாம் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

ஆகவே எடுத்த முடிவு: ஸ்டீராய்டு வேண்டாம், டாக்ஸிசைக்ளினை உடனே தொடங்கி 48 மணி நேரம் பார்ப்பது. எர்லிக்கியா என்றால் அதற்குள் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நாயைப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி மேற்கொண்டு பார்ப்பது என்று குடும்பத்திடம் சொல்லி வைத்தேன். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், அவர்களும் தயாராக இருந்தார்கள்.

சிகிச்சை

முதல் இரண்டு நாள் பகலில் கிளினிக்கில் வைத்து ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றினோம். தசையில் எந்த ஊசியும் குத்தவில்லை. பிளேட்லெட் இவ்வளவு குறைந்த நாய்க்குத் தசையில் குத்தினால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மி.கி. கணக்கில் நாளைக்கு 100 மி.கி., 28 நாள்.

இந்த மாத்திரையைக் கொடுப்பதில் இரண்டு கவனம் வேண்டும். வெறும் வயிற்றில், தண்ணீர் இல்லாமல் கொடுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். பாட்டி அதைத் தயிர் சாதத்தில் பொதிந்து வைத்திருந்தார். பால், தயிரில் உள்ள கால்சியம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் கோழிச் சோற்றுக்கு மாற்றி, பின்னாடியே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்தோம்.

உண்ணிகளைக் கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து ஸ்பிரிட்டில் போட்டோம். விரலால் நசுக்குவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் ஊரில் வழக்கம், இரண்டும் கூடாது. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் உள்ளேயும் போகும்.

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல் 102-க்கு இறங்கியது. அன்று மாலை கோழிச் சோறு சாப்பிட்டது. ஒரு வாரத்தில் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்தை நெருங்கியது. 28 நாள் முடிவில் இரண்டரை லட்சம். நான்காம் நாளே நாய் துள்ளத் தொடங்கியதால் மருந்தை நிறுத்தலாமா என்று அம்மா கேட்டார். பாதியில் நிறுத்தினால் கிருமி மண்ணீரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கலாம். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகவும் சிரமம். முழுதாகக் கொடுத்தார்கள்.

தெருவில் பரவிய பேச்சு

நாய் தேறிக்கொண்டிருந்த அதே வாரத்தில், "ஊசி போட்டு ஜூலி சாகக் கிடந்துச்சு" என்ற பேச்சு தெரு முழுக்கப் போய்விட்டது. நாய் வளர்க்கும் பக்கத்து வீடுகள் இரண்டு, இந்த ஆண்டு ஊசியே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தன. ஜூலியின் வீட்டிலும் அப்பா அதே மனநிலையில்தான் இருந்தார்.

எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான். அந்தத் தெருவில் கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் சுற்றுகின்றன, கேட்டுக்கு உள்ளே பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் நாயோ மனிதரோ பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஒரு தவறான கணக்கினால் மூன்று வீட்டு நாய்கள் அந்தப் பாதுகாப்பை இழப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளை நகல் எடுத்துக் கொடுத்து, யார் கேட்டாலும் காட்டச் சொன்னேன். ஊசி போட்ட மருத்துவரிடமும் பேசினேன். முதல் நாள் சோர்வைத் தடுப்பூசி அட்டையில் குறித்து வைத்தார். அந்தத் தெருவில் பேச்சை மாற்றியது பாட்டிதான். ஸ்பிரிட் பாட்டிலில் மிதந்த உண்ணிகளை வீட்டுக்கு எடுத்துப்போய் வருவோர் போவோரிடம் காட்டினார். பக்கத்து வீடுகளில் ஒன்று தன் ராஜபாளையம் நாயைக் கொண்டுவந்து ஊசி போட்டுக்கொண்டது. இன்னொரு வீடு இதை எழுதும் வரை வரவில்லை.

இரண்டாவது தவணை

ஓர் ஆண்டு விட்டுப்போனதால், எலிக்காய்ச்சல் ஊசிக்கு இரண்டாவது தவணை தேவைப்பட்டது. நான்கு வாரத்தில் போட வேண்டியது. சிகிச்சை முடியட்டும் என்று ஐந்தாவது வாரத்தைத் தாண்டித் தள்ளினோம். இன்னும் தள்ளினால் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். அதற்குள் வெளியே மழை பிடித்துவிட்டது.

அப்பா தயங்கினார். கட்டாயப்படுத்தவில்லை, நிபந்தனைகளை எழுதிக் காட்டினேன். காலை பத்து மணிக்கு, வேலை நாளில். முதலில் காய்ச்சல் பார்த்து, உண்ணி தேடி, ரத்தம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் ஊசி. எலிக்காய்ச்சல் ஊசி மட்டும், வேறு எதுவும் இல்லை. போட்டபின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருப்பது. ஒப்புக்கொண்டார்.

அன்று ஜூலி மதியம் கொஞ்சம் அதிகம் தூங்கியது, இரவுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது. அதற்கடுத்த வாரங்களிலும் ஒன்றும் இல்லை. இது ஒரே ஓர் ஊசி என்பதால் முதல் நாளோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஊசி இந்த உடம்புக்கே ஒத்துக்கொள்ளாது என்ற பயம் அந்த வீட்டில் அன்றோடு விட்டது.

இனி மாறுபவை

ஜூலிக்கு இனி வெறிநோய் ஊசி ஒரு நாள், மற்றவை மூன்று வாரம் கழித்து இன்னொரு நாள். டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஊசிகளை வளர்ந்த நாய்க்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் போடத் தேவையில்லை என்று உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது; எலிக்காய்ச்சலுக்கு மட்டும் ஆண்டுதோறும். வெறிநோய் ஊசி நம் ஊர் நிலவரத்தில் ஆண்டுதோறும். இப்படிப் பிரித்தால் அந்தச் சிறிய உடம்பில் ஒரே நாளில் ஏறும் சுமை குறையும்.

உண்ணிக்கு மெல்லும் மாத்திரை தவறாமல். நாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. இந்த உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் படிக்கட்டு இடுக்கிலும் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அந்த வீட்டில் மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில்தான் அதிகம் இருந்தது. வெடிப்புகளைப் பூசி, மருந்து அடித்தார்கள். பாகூர் வீட்டு நாய்களுக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பினார்கள்.

என் கிளினிக்கில், ஊசிக்கு வரும் ஒவ்வொரு நாய்க்கும் தெர்மாமீட்டர் வைத்த கையோடு காது மடலையும் விரல் இடுக்கையும் பார்ப்பது இப்போது கட்டாயம். காய்ச்சல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடுகிறோம். கடந்த மூன்று வாரத்தில் நாய் எங்கெல்லாம் தங்கியது என்ற கேள்வியை ஊசி போடுமுன் கேட்டு அட்டையில் எழுதுகிறோம். ஊசிக்குப் பின் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடமும் அதே கேள்வி. ஒரு முறை தேறிய நாய் மறுபடி சோர்ந்தால், அதை ஊசியின் மிச்சம் என்று விடாமல் அன்றே ரத்தம் எடுத்துப் பார்க்கக் கொண்டுவரச் சொல்கிறோம்.